பழைய தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகள்: இணையமா, வட்டா, கடையா, வீட்டு டெக்கா?

தமிழக–கேரள எல்லை மலையில் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பெட்டி வீடியோ கேசட் வெளியே வருவதும், அதை வைத்துக்கொண்டு குடும்பமே இரண்டு கட்சியாகப் பிரிவதும் இப்போது அடிக்கடி நடக்கின்றன. கல்யாண கேசட்டைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அதை எப்பாடுபட்டாவது கணினிக் கோப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். குழப்பம் தருபவை தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்தவை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புத்தாண்டு இரவுக்கும் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய பல்சுவை நிகழ்ச்சிகள், அவற்றின் நடுவே வந்த மெல்லிசை, கச்சேரித் துண்டு, கிராமியப் பாட்டு, நடனம் ஆகியவையே அவை. "எல்லாம் யூடியூபில் கிடக்கும், தூக்கிப் போடுங்கள்" என்பது பிள்ளைகள் கட்சி. "அப்பா விழித்திருந்து பிடித்தது" என்பது அம்மா கட்சி. இந்த வழக்கில் என்னைப் பஞ்சாயத்துக்கு அழைத்தவர்கள் சென்ற ஆண்டில் மட்டும் ஏழெட்டுப் பேர் என்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

எல்லைப் பகுதியின் கேசட்டுகளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து மலையாள ஒளிபரப்பு 1985 ஜனவரியில் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்த மலை விளிம்பில் வீடு உள்ளவர்கள் ஆன்டெனாவைக் கொடைக்கானல் கோபுரத்துக்கு நேரே வைத்துத் தமிழ் பார்த்தார்கள்; மேற்கே திருப்பினால் மலையாளம், அதுவும் புள்ளி புள்ளியாக. ஆகவே ஒரே கேசட்டில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாதி, ஓணத்துச் சிறப்பு நிகழ்ச்சி பாதி, கடைசிப் பத்து நிமிடம் இந்திப் பாட்டு நிகழ்ச்சியான 'சித்ரஹார்' என்று கிடக்கும். 1993இல் ஏப்ரலில் சன் டிவியும் ஆகஸ்டில் ஏஷியாநெட்டும் வந்து, கேபிள் கம்பி மலையேறிய பிறகு இந்தக் கலவை இன்னும் கூடியது. இப்படிப்பட்ட கேசட்டின் முதுகில் ஒட்டிய காகிதத்தை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

## முதலில் தீர்க்க வேண்டியது: பாட்டு வேண்டுமா, அந்த நிகழ்ச்சி வேண்டுமா?

இணையத்தில் பார்ப்பது, வெளியான வட்டை (சிடி, டிவிடி) வாங்குவது, கேசட்டைக் கடையில் கொடுத்து மாற்றுவது, வீட்டிலேயே மாற்றுவது என்ற நான்கு வழிகளையும் எடை போடுவதற்கு முன்பு இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். என் அனுபவத்தில் பாதிப் பேருக்குச் செலவு இங்கேயே மிச்சமாகிவிடுகிறது. கேசட்டில் உள்ளது திரைப்படப் பாடல் என்றால் அதன் மூலம் வேறிடத்தில் இதைவிடத் தெளிவாக இருக்கிறது. நம் கேசட்டில் இருப்பது அதன் மங்கலான நிழல். அந்த நிழலிலும் ஒரு கோணல் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்பட்டது. நம் நாட்டின் பி.ஏ.எல். தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 படங்கள் கொண்டது. படச்சுருளை 25ஆக ஓட்டி ஒளிபரப்புவதே வழக்கம். அதனால் பாட்டு ஏறத்தாழ 4 விழுக்காடு வேகமாகப் போகும், சுருதியும் ஒரு ஸ்வரஸ்தானத்தில் பாதிக்கும் கூடுதலாக ஏறி நிற்கும். "டிவியில் கேட்டபோது இந்தப் பாட்டு இன்னும் விறுவிறுப்பாக இருந்தது" என்று சொல்பவர்கள் பழம்பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். அவர்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

நிலையத்திலேயே பாடி, ஆடி, வாசித்துப் பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சிகள் வேறு வகை. அவற்றுக்கு இசைத்தட்டு மூலம் கிடையாது. அறிவிப்பாளர் பேச்சு, பெயர்ப்பட்டியல், ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் அசையாமல் நின்ற 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மாலை. துண்டு துண்டாகப் பார்ப்பதற்கும் முழுதாகப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்காவின் எட் சல்லிவன் நிகழ்ச்சி நன்றாகக் காட்டும். 1948 முதல் 1971 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஞாயிறு இரவுகளில் வந்த பல்சுவை நிகழ்ச்சி அது. 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழு அதில் பாடியதைச் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். இன்று அந்தப் பாட்டை மட்டும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். முழு நிகழ்ச்சியையும் பார்த்தால்தான் அதே மணி நேரத்தில் ஒரு மாயவித்தைக்காரரும், ஒரு பலகுரல் கலைஞரும், மேடை இசைநாடகக் குழுவொன்றும் அந்த நால்வரை எதிர்பார்த்துக் கூச்சலிடும் கூட்டத்தின் முன் நின்று தங்கள் பங்கைச் செய்துவிட்டுப் போனது தெரியும். அது பாட்டைப் பற்றியே வேறொன்றைச் சொல்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். ஒன்று, முழுமை: பாட்டு மட்டுமா, நிகழ்ச்சி முழுவதுமா. இரண்டு, படமும் ஒலியும். இசைக்கு ஒலியே முதன்மை என்பதைக் கடைக்காரர்களும் மறந்துவிடுகிறார்கள். மூன்று, செலவு, அதில் பணத்தோடு நம் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நான்கு, நிலைப்பு: இன்று கிடைத்தது ஐந்தாண்டு கழித்தும் கையில் இருக்குமா. ஐந்து, உரிமை: பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதா, பிறருக்கும் அனுப்புவதா. ஐந்தும் ஒரே எடை கொண்டவை அல்ல. முழுமையும் நிலைப்பும் ஒரு பக்கம் நின்றால் மற்ற மூன்றையும் நான் விட்டுக்கொடுப்பேன்.

## இணையத்தில் பார்ப்பது

எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். பிரசார் பாரதி காப்பகம் தன் யூடியூப் சேனலில் பழைய தூர்தர்ஷன், ஆகாசவாணிப் பதிவுகளை ஏற்றிவருகிறது. 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் செயலியிலும் பழைய நிகழ்ச்சிகள் இருக்கின்றன. காப்பகம் ஏற்றுவது நிலையத்தின் மூல நாடாவிலிருந்து எடுத்தது என்பதால், காற்றில் வந்து மலையில் மோதி நம் ஆன்டெனாவில் விழுந்து பதிவானதைவிடப் படம் பல மடங்கு சுத்தமாக இருக்கும். பெரிய வித்துவான்களின் கச்சேரி என்றால் இங்கே கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

தேடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். பாடியவர் பெயரைத் தமிழிலும் மலையாள எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியாக இட்டுத் தேடுங்கள். ஏற்றுபவர் எந்த எழுத்தில் தலைப்பு வைத்தாரோ அந்த எழுத்தில்தான் அது அகப்படும். இரண்டு எழுத்தும் தெரிந்த எல்லைக்காரர்களுக்கு இதில் சமவெளியில் இருப்பவர்களைவிட வசதி அதிகம். அதை நாமே பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பதுதான் வேடிக்கை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். தனியார் ஏற்றிய பழைய பதிவுகளில் பலவற்றில், தானியங்கி உரிமைச் சோதனையில் சிக்காமல் தப்ப வேகத்தையும் சுருதியையும் வேண்டுமென்றே மாற்றியிருப்பார்கள். சிலர் படத்தை இடம் வலமாகவே புரட்டிவிடுவார்கள். வலக்கையால் வில் பிடிக்கும் வயலின் வித்துவான் திடீரென்று இடக்கைக்காரராகத் தோன்றினால் காரணம் அதுவே. பாட்டுக் கற்கிறவர்கள் இதைக் கேட்டுச் சுருதி பிடிக்கக் கூடாது. அடுத்தது நிலைப்பு. இன்று இருக்கும் காணொளி நாளை உரிமைக் கோரிக்கையில் நீங்கிவிடலாம், ஏற்றியவரின் கணக்கே மூடப்படலாம். விருப்பப் பட்டியலில் சேர்த்து வைப்பது கையில் வைத்திருப்பது ஆகாது.

எல்லாம் இணையத்தில் இருக்கும் என்ற எண்ணத்துக்கு எதிரான பெரிய காரணம் வேறொன்று. அந்தக் காலத்தில் வீடியோ நாடா விலை மிகுந்த பொருள். பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவது உலகம் முழுவதும் நிலையங்களின் நடைமுறையாக இருந்தது. பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' 1964இல் தொடங்கிய புகழ்பெற்ற இசை நிகழ்ச்சி; அதன் முதல் பத்தாண்டுப் பகுதிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவ்வளவு வசதி படைத்த நிறுவனத்திலேயே அந்த நிலை. நேரடியாக ஒளிபரப்பான நிகழ்ச்சியை நிலையம் பதிவே செய்யாமல் விட்டிருக்கவும் கூடும். அப்படிப்பட்ட ஒன்று உங்கள் பரணில் இருந்தால், இருக்கிற ஒரே பிரதி அதுவாகவே இருக்கலாம்.

இணையம் போதும் என்று நான் சொல்வது இவர்களுக்கு: திரைப்பாடல்தான் வேண்டும் என்பவர்கள், புகழ்பெற்றவர்களின் கச்சேரியைத் தேடுபவர்கள், கேசட்டே கையில் இல்லாதவர்கள்.

## அதிகாரபூர்வ வட்டு வாங்குவது

இதை விரைவாகக் கடந்துவிடலாம். தூர்தர்ஷன் காப்பகமும் 'ஆகாசவாணி சங்கீத்' என்ற பெயரில் வானொலியும் வெளியிட்ட வட்டுகளில் சாஸ்திரிய இசையே மிகுதி. பல்சுவை நிகழ்ச்சி முழுதாக வட்டில் வருவது அரிது. ஒரு நிகழ்ச்சியில் பத்துப் பேர் பங்கேற்றால் பத்துப் பேர் உரிமையையும், அவர்கள் பாடியவற்றின் உரிமையையும் பெற்றாக வேண்டும்; அந்த உழைப்புக்கு விற்பனை ஈடு கொடுக்காது. எட் சல்லிவன் நிகழ்ச்சிகளின் உரிமை முழுவதையும் 1990இல் ஒருவரே விலைக்கு வாங்கியதால்தான் பீட்டில்ஸ் தோன்றிய நான்கு நிகழ்ச்சிகளும் முழுமையாக வட்டில் வர முடிந்தது.

வெளிநாட்டு வட்டு வாங்குவதானால் மண்டலக் குறியைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க டிவிடி மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. தவறாக வாங்கினால் வீட்டுக் கருவியில் ஓடாது. வட்டுக்குச் செலவழித்துவிட்டு அதை ஓட்டும் கருவியைத் தேடி அலைவது இன்னொரு செலவு. இன்றைய மடிக்கணினிகளில் வட்டு நுழைக்க இடமே இல்லை. தரமான ஒலியோடு, யாரும் பறிக்க முடியாத ஒரு பிரதியை அலமாரியில் வைத்திருக்க விரும்புகிறவருக்கும், பரிசளிக்க விரும்புகிறவருக்கும் இது ஏற்றது.

## கேசட்டைக் கடையில் கொடுத்து மாற்றுவது

கம்பம், தேனிக்கு இறங்கினாலும் கட்டப்பனை, கோட்டயம் போனாலும் கல்யாண வீடியோ எடுத்த பழைய ஸ்டுடியோக்களில் சிலவற்றில் இன்னும் டெக் (வீடியோ கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். கருவி) வைத்திருக்கிறார்கள். கேசட்டுக்கு இவ்வளவு அல்லது மணிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். உழைப்பு நமக்கில்லை, பத்து நாளில் பென்டிரைவ் கைக்கு வந்துவிடும். ஓரிரு கேசட் மட்டும் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கருவி வாங்கி, கற்றுக்கொண்டு, அதை இரண்டே கேசட்டுக்குப் பயன்படுத்துவது ஏலக்காய் நாலு படிக்காக உலர்த்தும் ஸ்டோர் கட்டுவது போன்றது.

ஆனால் கடைக்காரருக்குக் கல்யாண கேசட்டில் பழகிய கை. இசைக்கு வேண்டியது வேறு. நான் கொடுத்த முதல் இரண்டு கேசட்டுகள் எப்படித் திரும்பின என்று சொன்னால் என்னென்ன கேட்க வேண்டும் என்பது விளங்கிவிடும். 4:3 அளவுள்ள பழைய படத்தை இன்றைய அகலத் திரைக்கு இழுத்து நிரப்பியிருந்தார்கள். மெலிந்த பாடகி பருத்துப் போனார், மிருதங்கம் தவிலாகிவிட்டது. மூலையில் ஸ்டுடியோவின் பெயர் ஓடிக்கொண்டே இருந்தது. பெரிய சேதம் ஒலியில் நேர்ந்தது. இரைச்சலை நீக்குகிறேன் என்று கணினியில் ஒரு வடிகட்டியைப் போட்டிருக்கிறார்கள். அந்த வடிகட்டிகள், மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதை இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு கச்சேரியில் மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எது? தம்புரா. கேசட்டின் 'உஸ்' சத்தத்தோடு தம்புராவையும் துடைத்து எடுத்துவிட்டு, ஆதாரம் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் ஒரு குரலை எனக்குத் தந்தார்கள். கேட்டால் "சுத்தமாக இருக்கிறதே" என்றார் கடைக்காரர். அவர் மேல் தவறில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்: 4:3 அளவு மாறக் கூடாது, ஒலியில் எந்த வடிகட்டியும் வேண்டாம், பெயரோ பின்னணி இசையோ சேர்க்கக் கூடாது, நடுவில் எதையும் வெட்டக் கூடாது. நடனம் இருந்தால் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். பழைய வீடியோவில் நொடிக்கு 25 படங்கள் என்றாலும் ஒவ்வொரு படமும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டு பாதியாகப் பிரிந்து நொடிக்கு 50 பாதிகளாகப் பதிவாகியிருக்கும். அசைவின் நயம் அந்த 50இல் இருக்கிறது. அவசரத்தில் மாற்றுபவர்கள் அதை 25ஆகச் சுருக்கிவிடுவதால் அடவும் முத்திரையும் சீப்பின் பல் போலக் கீறலாகத் தெரியும், அல்லது வெட்டி வெட்டி நகரும். நொடிக்கு 50 படங்களாகக் கேளுங்கள். நல்ல கடைக்காரருக்கு இந்தப் பேச்சு புரியும். புரியாதவரிடம் ஒரே பிரதி உள்ள கேசட்டைக் கொடுக்க வேண்டாம்.

## வீட்டிலேயே மாற்றுவது

இதற்கு வேண்டியவை ஓடும் நிலையிலுள்ள ஒரு டெக், யு.எஸ்.பி. பதிவுக் கருவி, ஒரு கணினி, நிறைய பொறுமை. இவற்றில் கடினமானது டெக். உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. இன்று கிடைப்பதெல்லாம் பழசு. பெல்ட் இளகியிருக்கும், ரப்பர் உருளை வழவழப்பாகியிருக்கும். வாங்கியதும் முக்கியமான கேசட்டைப் போடாமல், போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு சினிமா கேசட்டைப் போட்டு முழுதாக ஓட்டிப் பாருங்கள். நாடாவைத் தின்னாமல் திருப்பிக் கொடுத்தால் நம்பலாம்.

நேரக் கணக்கைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணிக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். விரைவுபடுத்த வழி இல்லை. என்னிடம் இருந்தவை 14 கேசட், 42 மணி நேரம். இடக் கணக்கும் உண்டு. இழப்பில்லாத முறையில் பதிவு செய்தால் மணிக்கு 30 ஜி.பி. அளவுக்குப் போகும், அதாவது 14 கேசட்டுக்கு ஒரு டெராபைட் வன்வட்டு போதாது. நொடிக்கு 4 மெகாபிட் அளவில் எச்.264 முறையில் சுருக்கினால் மணிக்கு 2 ஜி.பி.க்குள் அடங்கும். ஒரே பிரதி என்று உறுதியானவற்றை மட்டும் இழப்பில்லாமல் வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சுருக்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண வி.எச்.எஸ். டெக் ஒலியை நாடாவின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாகப் பதிகிறது. நாடா அதில் நொடிக்கு 2.34 செ.மீ. வேகத்தில் நகர்கிறது, நாம் பாட்டுக் கேட்ட ஆடியோ கேசட்டின் வேகம் 4.76 செ.மீ. அதாவது படத்தோடு கூடிய அந்தப் பெரிய கேசட்டின் ஒலிப்பதிவு, சின்ன ஆடியோ கேசட்டின் பாதி வேகத்தில் நடந்தது. மிச்சம் பிடிக்க எண்ணி எல்.பி. என்னும் பாதி வேகத்தில் மூன்று மணிக் கேசட்டில் ஆறு மணி நேரம் பிடித்தவர்கள் வீட்டில் அது இன்னும் பாதி. கஞ்சிராவும் தாளமும் காற்றோடு போய்விடும். யாராவது டேப் ரிக்கார்டரைத் தொலைக்காட்சியோடு கம்பி போட்டு இணைத்து அதே நிகழ்ச்சியை ஆடியோ கேசட்டில் பிடித்திருந்தால், அதன் ஒலி வீடியோ கேசட்டை மிஞ்ச வாய்ப்பு உண்டு. பரணில் அந்தப் பெட்டியையும் தேடுங்கள்.

மலிவான பதிவுக் கருவிகளில் மறைந்திருக்கும் தொல்லை, ஒலியும் படமும் மெல்ல மெல்ல விலகிப் போவது. தேய்ந்த நாடாவில் படத்தின் கால ஒழுங்கு தடுமாறும்போது கருவி சில படங்களைக் கைவிட்டுவிடும். ஒலி மட்டும் தொடரும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தனி ஆவர்த்தனத்தில் கை ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். டெக்குக்கும் கருவிக்கும் நடுவே, உள்ளே வரும் படத்தை ஒழுங்குபடுத்தி வெளியே தரும் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை இணைத்தால் பெரும்பாலும் சரியாகிறது.

நம் பகுதிக்கே உரிய பகை பூசணம். கேசட்டின் சன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள்; வெண்ணிற நூலோ மாவோ படிந்திருந்தால் அதை டெக்கில் போடவே கூடாது. பி.ஏ.எல். டெக்கின் சுழலும் தலை நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றுகிறது. பூசணம் அதில் ஏறினால் தலையும் கெடும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் அது ஒட்டிக்கொள்ளும். ஆனி, ஆடி மழையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். தை முதல் பங்குனி வரை காற்று உலர்ந்திருக்கும்போது செய்யுங்கள். அதுவரை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒரு இரவு வைத்தால் ஈரம் போய்விடுமே என்று கேட்ட அன்பர்கள் இருவர். கூடாது. அங்கே வெப்பம் 50 டிகிரியை ஒட்டிப் போகும், நாடா நெளிந்துவிடும். தலையைத் துடைப்பதானால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தோலைச் சுழலும் திசையில் மட்டும் வைத்துத் துடைக்க வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் தலை உடையும். எதையும் தொடங்குமுன் கேசட்டின் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உடைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடைத்துவிடுங்கள், தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழையது அழியாது.

பத்து கேசட்டுக்கு மேல் உள்ளவருக்கும், கேசட்டை வெளியே கொடுக்க மனமில்லாதவருக்கும், ஒலியில் பிடிவாதம் உள்ளவருக்கும் இதுவே சிறந்த வழி. கணினியோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர் இதில் இறங்க வேண்டாம். பாதியில் நின்ற வேலை, தொடங்காத வேலையைவிட மோசமாகக் கேசட்டைப் படுத்தும்.

## நான்கையும் ஒருங்கே பார்த்தால்

| அளவுகோல் | இணையம் | வட்டு | கடை | வீட்டில் |
|---|---|---|---|---|
| முழுமை | பெரும்பாலும் துண்டு | வெளியிட்டது மட்டும் | கேசட்டில் உள்ளது முழுதும், வெட்டாமல் இருந்தால் | கேசட்டில் உள்ளது முழுதும் |
| படம், ஒலி | காப்பகப் பதிவு நன்று. தனியார் பதிவு நம்பத்தகாது | நான்கில் சிறந்தது | கடைக்காரரைப் பொறுத்தது | டெக்கையும் நம்மையும் பொறுத்தது |
| பணம் | ஏறத்தாழ இல்லை | ஒருமுறை | கேசட் எண்ணிக்கையோடு ஏறும் | தொடக்கத்தில் அதிகம், பிறகு குறைவு |
| நேரம் | தேடும் நேரம் | குறைவு | போய்வரும் நேரம் | கேசட் ஓடும் நேரம் முழுதும் |
| நிலைப்பு | நம் கையில் இல்லை | நன்று, கருவி இருந்தால் | இரண்டு பிரதி வைத்தால் நன்று | இரண்டு பிரதி வைத்தால் நன்று |
| மறைந்த செலவு | மாறிய சுருதி | மண்டலக் குறி, ஓட்டும் கருவி | இழுத்த படம், துடைத்த தம்புரா | பழைய டெக், விலகும் ஒலி |

## பிறருக்கு அனுப்பலாமா?

நான் வழக்கறிஞன் அல்லன். சட்டத்தில் தெளிவாக உள்ளதை மட்டும் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிபரப்பு நிறுவனத்தின் மறுபதிவு உரிமை, ஒளிபரப்பிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டுகள். 1988 பொங்கல் நிகழ்ச்சிக்கு அது 2013 முடிவோடு தீர்ந்துவிட்டது. இதைக் கேட்டு மகிழ்ந்து ஊருக்கெல்லாம் ஏற்றிவிடக் கூடாது. அந்த நிகழ்ச்சிக்குள் இருக்கும் பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டுகள், மேடையில் நிகழ்த்தியவரின் உரிமைக்கு 50 ஆண்டுகள். சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவதைச் சட்டம் அனுமதிக்கிறது. வீட்டில் மாற்றி வீட்டில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. வேறெங்கும் இல்லாத அரிய பதிவு என்று தெரிந்தால், இணையத்தில் தூக்கிப் போடுவதைவிடப் பாடியவரின் குடும்பத்துக்கோ தூர்தர்ஷன் நிலையத்துக்கோ ஒரு பிரதியைக் கொடுப்பதையே நான் விரும்புவேன்.

## நான் செய்த வரிசை

என் 14 கேசட்டில் பூசணம் பிடித்த ஒன்றை ஓட்டாமல் வைத்துவிட்டு, மற்றவற்றை முதலில் வேகமாக ஓட்டிப் பார்த்து, எதில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். திரைப்பாடல் மட்டும் இருந்த எட்டை அப்படியே ஒதுக்கினேன். மீதி ஆறில், ஓட்டிப் பார்த்த ஐந்தில் இருந்தவற்றை இணையத்தில் மூன்று எழுத்திலும் தேடியபோது, இரண்டு கேசட்டில் இருந்த கச்சேரிகள் என்னுடையதைவிட நல்ல தரத்தில் கிடைத்தன. பூசணம் பிடித்த அந்த ஒன்றை, சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவர் அகப்படும் வரை தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். ஆக, உண்மையில் மாற்ற வேண்டியிருந்தவை மூன்று. அவற்றை வீட்டிலேயே, 9 மணி நேரத்தில், இழப்பில்லாத முறையில் மாற்றி இரண்டு வன்வட்டில் வைத்து, ஒன்றைப் போடிநாயக்கனூரில் உள்ள தங்கை வீட்டில் கொடுத்துவிட்டேன். 42 மணி நேரம் 9 மணி நேரமாகச் சுருங்கியது அந்த நோட்டால்தான்.

அந்த மூன்றில் ஒன்று பொங்கல் நாள் வயலின். ராக ஆலாபனை நடுவில் படம் புள்ளியாகச் சிதறி, ஒலியும் கரகரத்து, ஏறத்தாழ 40 விநாடிக்குப் பிறகு சட்டென்று தெளிகிறது. காற்றில் திரும்பிக்கொண்ட ஆன்டெனாவை நேராக்க அப்பா கூரைக்கு ஏறிய நேரம் அது. கீழே வாசலில் நின்று "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்தியது நான். மருமகன் கணினியில் அதை வெட்டிவிடவா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.